கல்யாணக் கண்காட்சியில் அந்த கூப்பனை நிரப்பாதீர்கள்

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கு முந்தைய ஆடியில் சென்னையில் நடந்த ஒரு கல்யாணக் கண்காட்சிக்கு அம்மா, சித்தியோடு போயிருந்தேன். புடவை, மேக்கப், போட்டோ, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நாளில் விசாரித்துவிடலாம், தி.நகரில் கடை கடையாக அலைய வேண்டாம் என்று நினைத்தோம். இந்த வருஷமும் ஆவணி முகூர்த்தத்தைக் குறிவைத்து விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

வாசலிலேயே ஒரு பெண் கூப்பனை நீட்டினார். அனுமதி இலவசம், இதை நிரப்பினால் குலுக்கலில் பரிசு என்றார். பெண், மாப்பிள்ளை இருவரின் பெயர், செல்போன் எண், கல்யாணத் தேதி, மண்டபம், இருவருக்கும் என்ன வேலை, என்ன சம்பளம் என்று எல்லாமே அதில் கேட்டிருந்தார்கள். சம்பளம் எதற்கு என்று சித்தி கேட்டார். சும்மா ஒரு கணக்குக்குத்தான் அக்கா என்றார்கள். நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கீழே பொடி எழுத்தில், எங்களை யார் வேண்டுமானாலும் போனில் அழைக்கச் சம்மதம் என்று ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்து, கூப்பனை எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து ஓயாமல் போன். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909க்கு அனுப்பி டிஎன்டி போட்டும் நிற்கவில்லை, கேட்டால் நீங்கள்தானே மேடம் சம்மதம் கொடுத்தீர்கள் என்கிறார்கள்.

நாலாவது நாள் வந்த போன்தான் விஷயம். குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்திருக்கிறதாம், தேனிலவுக்கு மூன்று இரவு தங்கல் இலவசமாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வர வேண்டும், பெரியவர்களைக் கூட்டி வர வேண்டாம், அடையாளத்துக்கு கிரெடிட் கார்டு கொண்டு வாருங்கள் என்றார்கள். பரிசு வாங்க கார்டு எதற்கு என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அங்கே போனால் பரிசைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு சத்தமாக ஓடுகிறது, மேஜைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு ஆள். எங்கள் மேஜையில் உட்கார்ந்தவர் வருஷத்துக்கு ஏழு நாள் சுற்றுலா, பத்து வருஷ உறுப்பினர் திட்டம், வாழ்க்கையில் நினைவுகள்தான் முக்கியம் என்று இரண்டரை மணி நேரம் பேசினார், நடுநடுவே யாராவது சேர்ந்துவிட்டால் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். முதலில் மூன்றரை லட்சம் என்றார். வேண்டாம் என்றதும் மேனேஜர் ஒருவர் வந்து, உங்களுக்காக 1,65,000, இந்த மேஜையை விட்டு எழுந்தால் இந்த விலை கிடையாது என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்க்காமல் என் வருங்காலக் கணவரிடம் திரும்பி, கல்யாணத்துக்கு முன்னாலேயே மேடத்துக்கு ஒரு சந்தோஷம் செய்யத் தயங்குகிறீர்களே சார் என்றார். அந்தப் பேச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் வருங்காலக் கணவர் கார்டை எடுத்து 45,000 கட்டினார், மீதி மாதத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து போக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அது நாதஸ்வரத்துக்கும் பூ அலங்காரத்துக்கும் எடுத்து வைத்த பணம்.

ஒப்பந்தத்தை ராத்திரி வீட்டில்தான் முழுதாகப் படித்தோம். வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி. சுற்றுலா போக 90 நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், சீசன் நாட்கள் கிடையாது. அந்த இலவசத் தேனிலவுக்கும் பதிவுக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம் உண்டு, போக்குவரத்தும் நம் செலவு. மறுநாள் காலையிலேயே ரத்து செய்யச் சொல்லி போன் செய்தோம். கட்டிய பணம் திரும்பாது, மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் போனில் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். அன்றைக்கே மின்னஞ்சலில் ரத்து என்று எழுதி அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் ஒன்று போடுங்கள். இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். நாங்கள் வங்கிக்குப் போய்த் தவணை ஒப்புதலை ரத்து செய்துவிட்டதால் அதற்கு மேல் பணம் போகவில்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம், ஆனால் 2 வருஷத்துக்குள் செய்துவிட வேண்டும். கூப்பன் போட்டோ, அழைப்பு வந்த எண், கார்டு ரசீது, ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கண்காட்சிக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மெஹந்தி போட்ட பெண்ணை அங்கேதான் பார்த்தோம், அருமையாகப் போட்டார். ஆனால் வாசலில் கூப்பன் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள், எங்கள் பின்னால் வந்த குடும்பம் அப்படித்தான் போனது, யாரும் தடுக்கவில்லை.

1915இல் புகார் செய்து இரண்டு மாதம் ஆகியும் அந்த நிறுவனம் பதில் தரவில்லை. போன வாரம் ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டோம். அப்பாவிடம் இதை இப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, ரசீதுகளை வாங்கித் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தார்.