குடித்துவிட்டு ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால்: நான்கு நாட்டுச் சட்டங்கள்

குடிபோதை விபத்தில் ஆள் இறந்துவிட்டால் பெரும்பாலான சட்டங்கள் கடுமை காட்டுகின்றன. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டால்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் தெரிகிறது.

இந்தியாவில் போதைக்கு ஒரு பிரிவு, காயத்துக்கு வேறு பிரிவு. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்குப் நாட்டின் பொதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவின் கீழ் அதிகபட்சம் 3 ஆண்டு. சிறையே இல்லாமல் 10,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு முடிக்கவும் அதில் இடமிருக்கிறது. முதுகெலும்பு உடைந்தவருக்கு இது என்ன கணக்கோ! அதே சன்ஹிதாவின் 110-வது பிரிவில் 7 ஆண்டு வரை போகலாம். ஆனால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

பிரிட்டனில் ஓட்டை வேறு மாதிரி. போதையில் கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்தால், 2022 முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. பலத்த காயத்துக்கு அப்படித் தனிக் குற்றம் கிடையாது. கவனக்குறைவு என்றால் 2 ஆண்டு, அபாயகரமாக ஓட்டியது என்றால் 5 ஆண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா போதை, காயம் இரண்டையும் ஒரே குற்றமாகக் கட்டியிருக்கிறது. மதுவோ போதைப்பொருளோ, அதன் வாகனச் சட்டத்தின் 23153-வது பிரிவுதான். போதை மட்டும் போதாது, சிக்னலை மீறியது போல ஒரு தவறும் வேண்டும். சிறு குற்றமாகவும் நடத்தலாம், பெருங்குற்றமாக்கி 3 ஆண்டு வரையும் போகலாம். பலத்த காயம் என்றால் அதற்கு மேலும் கூடும்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் சட்டம். மது, போதைப்பொருளால் சரியாக ஓட்ட முடியாத நிலையில் ஓட்டிக் காயப்படுத்தினால் 15 ஆண்டு வரை சிறை. அப்புறம், 2014-ல் அமலான அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு மற்றவர்கள் யோசிக்காத இடத்தில் கை வைக்கிறது. விபத்துக்குப் பிறகு போதை தெளியும்வரை ஒளிந்திருந்தாலும், 'இப்போதுதான் குடித்தேன்' என்று காட்ட மேலும் குடித்தாலும் 12 ஆண்டு வரை. ஓடினால் லாபம் என்ற கணக்கை இந்த நான்கில் நேரடியாக உடைப்பது இதுதான். 'சரியாக ஓட்ட முடியாத நிலை' என்பதை நிரூபிப்பது எளிதல்ல, உண்மைதான். அது முடியாதபோது கைகொடுக்கும் 3-வது பிரிவிலும் காயத்துக்கு 12 ஆண்டு வரை இருக்கிறது.