அப்பாவுக்கு எடுத்த வாடகைக் கட்டில்: ஐந்து மாத அனுபவம்

வடசென்னையில் ஒரு கடையில் ஃபௌலர் கட்டிலும் (கைப்பிடி சுற்றித் தூக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்) ஏர் பெட்டும் (பம்பு வைத்த காற்று மெத்தை) வாடகைக்கு எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். கட்டிலுக்கு மாதம் 2,500, ஏர் பெட்டுக்கு 900, டெபாசிட் 5,000. முதல் மாடிக்கு ஏற்ற 400 தனி. அதை முன்னாடியே சொல்லவில்லை.

வீடு பெரம்பூர். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், நான் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சாமான் வீட்டுக்குள் வந்தால் இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது.

அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். ஒரு சொட்டு குடித்தவரில்லை. அதைச் சொன்னால் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமி பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய், கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் மருந்தை விட்டு அடைக்கும் சிகிச்சை இரண்டு முறை நடந்தது. அப்புறம் இடுப்பு வலி. டிஸ்க் என்று நினைத்துத் தைலம் தேய்த்து ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டோம். ஸ்கேன் எடுத்தால் கீழ் முதுகெலும்பு ஒன்றிலும் வலது இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது. இது எலும்பில் பிறந்த புற்றுநோய் இல்லை, கல்லீரல் செல்லே அங்கே போய் உட்கார்ந்து எலும்பை அரிக்கிறது என்றார் டாக்டர். "துரு மாதிரியா?" என்று கேட்டார் அப்பா. டாக்டர் கொஞ்சம் யோசித்து, "கிட்டத்தட்ட" என்றார்.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். ஃபுல் ஃபௌலர் கேட்டோம், வந்தது செமி. கால்மாட்டில் ஒரே ஒரு கைப்பிடி, முதுகுப் பலகை மட்டும்தான் எழும்பும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றான் கொண்டுவந்த பையன். ஒன்றில்லை. முதுகை மட்டும் தூக்கினால் ஆள் மெல்ல மெல்லச் சரிந்து கீழே இறங்குவார். அந்த இழுப்பில் பின்பக்கத் தோலும் வழலும், இடுப்பும் சுருக்கென்று பிடிக்கும். ஃபுல் ஃபௌலரில் முழங்கால் பக்கத்துக்கும் தனிக் கைப்பிடி உண்டு. முதலில் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, பிறகு முதுகைத் தூக்கு என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த பிறகுதான் அப்பா முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். சண்டை போட்டதில் மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் மாற்றி வந்ததில் கைப்பிடி சுற்றும் கிராங்க் திருகு காய்ந்துபோய் கிறீச்சிட்டது, இரண்டு சக்கரத்தில் பிரேக் நிற்கவில்லை. போன் செய்தால் "பையன் வருவான் சார்". மூன்று நாள் பார்த்துவிட்டுப் பட்டறையிலிருந்து கிரீஸும் ஒரு சக்கரமும் எடுத்து வந்து நானே போட்டேன். அப்பா படுத்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தார். "டேய், வாஷர் போடாம முடுக்காத."

ஏர் பெட்டில் குறை இல்லை. குழாய் குழாயாக இருக்கும் ரகம். ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை இறங்கும், ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது. ஐந்து மாதத்தில் படுக்கைப் புண் வரவில்லை. பையன் பம்பு திருகாணியைக் கடைசி வரை வைத்துவிட்டுப் போயிருந்தான், படுக்கை கல்லாக இருந்தது. அப்பா 52 கிலோதான். எடைக்குத் தகுந்தபடி குறைத்துவிட்டு, இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதாது. பம்பை இன்வெர்ட்டர் லைனில் போடுவது நல்லது.

முதுகெலும்பில் நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏர் பெட் எடுக்காதீர்கள். எலும்பு தாங்குமா, தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்று எங்களுக்கு எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகே சரி என்றார்கள். திருப்பும்போது தோளையும் இடுப்பையும் சேர்த்து ஒரே கட்டையாக உருட்ட வேண்டும். கால் பலம் குறைந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ மறுநாள் என்று தள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலியால் கட்டிலைப் பாதி உயரத்துக்குத்தான் தூக்க முடிந்த நாட்கள் உண்டு. வலிக்காக ஒரே தவணையில் 8 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் வலி ஏறியது, பயந்துவிட்டோம். அப்படி ஏறுவது வழக்கம்தான் என்றார்கள். இரண்டாவது வாரம் கிராங்க்கை இன்னும் ஏழெட்டுச் சுற்று சுற்ற முடிந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். எலும்புக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை ஸோலெட்ரானிக் ஆசிட் 4 மில்லிகிராம் டிரிப். அதற்கு முன்னாடி பல் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள், தாடை எலும்பைக் கெடுக்க வாய்ப்புண்டாம். வலிக்கு மார்ஃபின், கூடவே மலச்சிக்கலுக்கு சிரப். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபன் வகை கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஆகவே ஆகாது.

கல்லீரல் புற்றுநோய்க்குக் கொடுத்த சொராஃபெனிப் மாத்திரையில் உள்ளங்கையும் பாதமும் வெடித்து, அளவைப் பாதியாக்கினார்கள். இந்த மாத்திரை ஒரு மாதத்துக்கு 2,80,000 ரூபாய் விற்ற காலம் உண்டு. 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்திய மருந்துக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் உரிமை, கொடுத்து 8,880க்கு விற்கச் சொன்னது அரசு. அது நடக்காமல் இருந்திருந்தால் என் லேத்தை விற்றிருப்பேன்.

பிடித்த மார்க்கில் ஒன்று கட்டிலுக்கு. மீதி அரை, போனுக்கு. ஒவ்வொரு மாதமும் வாடகைத் தேதிக்கு முந்தின நாள் கூப்பிட்டு, "சார், கட்டில் இன்னும் தேவைப்படுதா, எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நாளைக்கு வாடகைத் தேதி என்றால் போதாதா? இரண்டாவது மாதம் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பா காதில் விழுந்துவிட்டது. போன வாரம் கூப்பிட்டபோது அவரே போனை வாங்கிக்கொண்டார்.

"வேணும் தம்பி. வரும்போது அந்த இன்னொரு சக்கரத்தை மாத்திக் கொடுத்துட்டுப் போ."

இன்னும் வரவில்லை.