குடும்பத்தோடு தூண்டில் போட: காசல்ரீயா, மவுசாக்கலையா, கொத்மலையா?

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் வருகிற சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதான அம்மாவும் கூட வருகிறார், வீட்டில் யாரும் தூண்டிலைத் தொட்டதே இல்லை. ஒரு படகில் ஏறி, பழகிய ஆள் ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லித்தர, ஆறுதலாக நாலு மீன் பிடித்துவிட்டு வர எங்கே போகலாம்? ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். நுவரெலியாக்காரர் கிரகரி வாவி என்பார். மஸ்கெலியாக்காரர் மவுசாக்கலையை விட்டுக்கொடுக்கவே மாட்டார். கம்பளைப் பக்கத்தவர் கொத்மலை என்பார். நான் ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கமான காசல்ரீ என்றுதான் சொல்வேன், அதுவும் மீனுக்காக அல்ல. மீன் மட்டும்தான் கணக்கு என்றால் கீழே, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள விக்டோரியா நீர்த்தேக்கம் முன்னுக்கு நிற்கும்.

முதல்முறை போகிற குடும்பத்துக்கு நான் பார்ப்பது மூன்று விஷயம். படகு எவ்வளவு அகலம், ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர், பிள்ளை அழுதாலோ மழை கறுத்தாலோ பத்து நிமிடத்தில் கரைக்குத் திரும்ப முடியுமா. இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒரேயொரு திலாப்பியா கிடைத்தாலும் பிள்ளைகள் அந்த ஒரு மீனைப் பற்றி வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வருவார்கள்.

முதலில் கழித்துவிட வேண்டியவற்றைக் கழித்துவிடுவோம். கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவானது, நகரத்தின் நடுவே இருக்கிறது, போய்ச்சேர இதைவிட லேசான இடம் இல்லை. ஆனால் அங்கே உள்ளது அன்னப்பறவை மிதிபடகும் மோட்டார் படகும் தண்ணீர் ஸ்கூட்டரும்தான். அலை ஓயாத இடத்தில் தூண்டில் தக்கை நிற்காது, நகரத்துக் கழிவுநீர் வந்து சேருகிற தண்ணீரில் பிடித்ததைச் சமைக்கவும் மனம் வராது. பிள்ளைகளைப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள், குதிரையில் ஏற்றுங்கள், தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னும் சிலர் டிரவுட் மீன் என்று ஆசை காட்டுவார்கள். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்ட மீன் அது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் டிரவுட் இன்றைக்கும் தானாகவே பெருகி வாழ்கிறது. அந்த மீனுக்குக் குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதனால் அது படகுக்குரிய மீன் பிடிப்பே இல்லை. வழுக்குப் பாறையில் கால் ஊன்றி நின்று, இறகில் செய்த பொய்ஈயை வீசி வீசிப் பழக வேண்டிய கலை. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் அங்கே தூண்டிலைத் தூக்க முடியாது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன இறால் இனம் அந்த ஓடைகளில் இருக்கிறது, அதை இந்த டிரவுட்தான் தின்று குறைக்கிறது என்பதும் எனக்கு உறுத்துகிற விஷயம். எட்டு வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு இது சரிவராது.

சரி, இனி உண்மையான போட்டிக்கு வருவோம். காசல்ரீயும் மவுசாக்கலையும் உடன்பிறந்தவை மாதிரி. ஒன்று கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டியது, மற்றது மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் கட்டியது, இரண்டின் தண்ணீரும் மின்சாரம் பிறப்பித்துவிட்டுக் கீழே களனி கங்கையாகச் சேர்கிறது. இரண்டுமே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல். சுற்றிவரத் தேயிலை மலை, நடுவே தண்ணீர். படத்தில் பார்த்தால் எது எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

படகில் ஏறினால்தான் வித்தியாசம் தெரியும். காசல்ரீ விரல் விரலாகக் கிளை பிரிந்து மலைகளுக்கு இடையே நுழைகிற நீர்த்தேக்கம். நடுத்தண்ணீரில் காற்று வீசினாலும் ஏதாவது ஒரு குடாவுக்குள் ஒதுங்கிவிடலாம், அங்கே தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை கிட்டத்திலேயே இருக்கும், ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகிற பாதையும் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. அம்மாவுக்குத் தலை சுற்றினால் இறக்கி விட்டுவிட்டு மற்றவர்கள் தொடரலாம். 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் மேட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மீன் கடிக்காத நேரத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும்.

மவுசாக்கலை அழகில் ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். சிவனொளிபாதமலை தண்ணீருக்கு மேலே நேராக எழுந்து நிற்கும். அதைவிட முக்கியம், பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றின் மிச்சமும் வெளியே வரும், அதைப் பார்க்கவே ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பழைய மஸ்கெலியாவில் பிறந்து வளர்ந்தவர் என்றால் வேறு பேச்சே வேண்டாம், மவுசாக்கலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் தூண்டிலுக்கு அதே காரணம் எதிராகத் திரும்புகிறது. நீர் இறங்கிய நாட்களில் கீழே கிடக்கிற சுவரிலும் கல்லிலும் முள் மாட்டும், தங்கூசி என்கிற தூண்டில் நூல் அறும், மாற்றி மாற்றி முடிச்சுப் போடுவதிலேயே காலை போய்விடும். அகன்ற இடங்களில் காற்று பிடித்தால் துடுப்புப் போடுகிறவர் களைத்துப்போவார். இரண்டு இடத்திலும் அணைக்கட்டுப் பக்கம் போகவே கூடாது, அது பாதுகாப்புப் பகுதி. நல்ல படகோட்டி நீங்கள் கேட்டாலும் கொண்டுபோக மாட்டார்.

படகோட்டி என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீர்த்தேக்கத்தைத் தெரிவு செய்வதைவிட இதுதான் பெரிய தெரிவு. இங்கே இரண்டு வகையாகப் போகலாம். தண்ணீரோரத்துப் பங்களாக்களும் விடுதிகளும் ஏற்பாடு செய்து தருகிற படகு ஒன்று. அகலமான படகு, உயிர்காப்பு அங்கி, தேநீர், கேக் எல்லாம் இருக்கும், காசும் அதற்கேற்ற மாதிரி இருக்கும், ஆனால் கூட வருகிறவர் மீன் பிடிக்கிறவராக இல்லாமல் படகு ஓட்டுகிறவராக மட்டும் இருப்பது உண்டு. மற்றது, நீர்த்தேக்கத்தில் வலை போட்டுப் பிழைக்கிற மீனவர். பின்னேரம் வலை விரித்து விடியற்காலையில் தூக்கி, மீனை விற்று முடித்ததும் அவருக்கு நேரம் இருக்கும். மீன் இன்றைக்கு எந்தக் குடாவில் நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவருடைய தோணி பல நேரம் ஒடுங்கியது, பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டியது, இரண்டு பேர் குந்தலாம், குடும்பம் குந்த முடியாது.

இரண்டையும் சேர்ப்பதுதான் என் வழி: அகலமான படகை அமர்த்திக்கொண்டு, கூட ஒரு மீனவரையும் ஏற்றிக்கொள்வது. காசல்ரீயில் இது லேசாக அமைகிறது, கரையோரமே விடுதியும் மீனவரும் இருப்பதால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். காசு ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணித்தியாலம், தூண்டிலும் இரையும் அதற்குள் அடங்குமா என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். மீனவருக்குத் தனியாகக் கொடுங்கள், அவருடைய காலை நேர உழைப்பு அது.

உயிர்காப்பு அங்கியில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு இடத்தில் ஐந்து பேருக்கு மூன்று அங்கி தந்துவிட்டு ‘ஆழமில்லை, பயப்படாதீங்க’ என்றார்கள், நாங்கள் ஏறாமல் திரும்பிவிட்டோம். மலைநாட்டு நீர்த்தேக்கம் எல்லாமே பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியது, கரையிலிருந்து சில அடி போனாலே நிலம் சரிந்து இறங்கிவிடும், ஆழமில்லாத இடம் என்று ஒன்றை நம்பவே முடியாது. இருப்பதெல்லாம் பெரியவர்களுக்கான அளவு, சின்னவர்களுக்கு முடிந்தால் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். போட்டு இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஏறினால் அது பெரிசு, கழற்றிவிட்டு வேறு கேளுங்கள்.

மீன் விஷயம் இப்படி. இங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் திலாப்பியா, அதிர்ஷ்டம் இருந்தால் காப் என்று நாங்கள் சொல்கிற கெண்டை. திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்த ஆப்பிரிக்க மீன், சூட்டுக்குப் பழகியது. அதனால் மலையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிரில் நடுங்க வைப்பதில் பயனே இல்லை. வெயில் தண்ணீரில் பட்டு, ஓரத்து ஆழமில்லாத தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் அது இரை தேடும். எட்டு மணிக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, ஃபிளாஸ்க்கில் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு புறப்பட்டால் சரியாக இருக்கும், மீனவரும் அப்போதுதான் ஓய்வாக இருப்பார். பதினொரு மணிக்கு முடித்துவிடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகள் படகில் இருக்க மாட்டார்கள், நாமும் அவர்களை வற்புறுத்தக் கூடாது.

விலை உயர்ந்த ரீல் எதுவும் வேண்டாம். ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, தக்கை, மிளகளவு ஈயம், சின்ன முள் போதும். முள் பெரிதாக இருந்தால் திலாப்பியாவின் சின்ன வாய்க்குள் போகாது, இரையை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். இரைக்கு மண்புழு நல்லது, புழுவைத் தொட அருவருப்பவர்கள் கோதுமை மாவையோ பாணையோ பிசைந்து உருட்டிக்கொள்ளலாம். எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. திலாப்பியா ஒரேயடியாக விழுங்காது, கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை நின்ற இடத்திலேயே நடுங்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். என் மகளுக்கு நோர்வூட் மீனவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: “ஆடுறப்ப இழுக்காதீங்க பாப்பா, நடக்கத் தொடங்கட்டும்.” தக்கை பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும், அல்லது சாய்ந்து அமிழ்ந்ததும், மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும்.

மீன் மேலே வந்ததும் முதுகுச் செட்டையைப் பிள்ளைகள் பிடிக்கப் பார்ப்பார்கள், அந்த முட்கள் ஆழமாகக் குத்தும். ஈரக் கையைத் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகத் தடவிக்கொண்டு போனால் செட்டை படுத்துவிடும், பிறகு பிடிக்கலாம். பெண் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிற மீன். தாடை உப்பிப்போய் இருந்தாலோ வாயிலிருந்து பொடிக் குஞ்சுகள் கொட்டினாலோ உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். அந்த நீர்த்தேக்கத்து மீனில்தான் கரையோரக் குடும்பங்கள் பிழைக்கின்றன, ஒரு வேளைக் குழம்புக்குப் போதுமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது அவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

கொத்மலையையும் விக்டோரியாவையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டும் மகாவலித் திட்டத்தில் வந்தவை, 1985இல் முடிந்தவை, மேலே உள்ளவற்றைவிடத் தாழ்வான இடம், சூடான தண்ணீர், அதனால் திலாப்பியா சுறுசுறுப்பாகக் கடிக்கும், அளவும் பெரிதாக இருக்கும். ஆனால் பரந்த தண்ணீர், கரை தூரம், மத்தியானத்துக்குப் பிறகு காற்று. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயர்ந்தது, பின்னால் நிற்கிற தண்ணீரின் ஆழத்தை அதிலிருந்தே ஊகிக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. தலவாக்கலையில் பாதையோரம் தெரிகிற மேல் கொத்மலைத் தேக்கத்தைப் பார்த்ததும் சிலருக்கு ஆசை வரும், வேண்டவே வேண்டாம், மழை கனத்தால் வான்கதவு திறக்கிற இடம் அது.

காலம் பார்த்தால்தான் இந்த ஒப்பீடு முழுமையாகும், ஏனென்றால் மாதம் மாறினால் என் பதிலும் மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை காசல்ரீக்கு நிகர் இல்லை: காலை குளிர், பிறகு தெளிந்த வெயில், அமைதியான தண்ணீர். அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும்கூட, அதனால் வார இறுதியிலும் போயா என்கிற பௌர்ணமி நாளிலும் ஹட்டன் தொடங்கி நல்லதண்ணி வரைக்கும் வாகனம் நகராது. வார நாளாகப் பார்த்து வாருங்கள். போயா அன்றைக்கு எப்படியும் தூண்டில் போட வேண்டாம், அக்கம்பக்கத்தில் சில் எடுத்து விரதம் இருக்கிற பௌத்தர்களுக்கு அது மனதைப் புண்படுத்தும். ஏப்ரல் விடுமுறையில் பின்னேரம் இடி மின்னல் வரும், ஆகவே காலையோடு முடித்துக்கொள்ளுங்கள். மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை விடாது. மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் அந்த மாதங்களில் மலைப்பாதையில் ஏறவே கூடாது. பாடசாலை விடுமுறை ஆகஸ்ட்டில்தான் கிடைக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் காசல்ரீயை விட்டுவிட்டு, மழை குறைவான திகன பக்கம் இறங்கி விக்டோரியாவில் போடுங்கள். காற்று எழும்புவதற்கு முன்னால், பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும், குடும்பத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் படகையே விட்டுக் கரையில் பாய் விரித்துத் தூண்டில் போடுவது மேல்.