கிறிஸ்தவ நாவல்னு ஆன்லைன்ல வாங்குறவங்க உஷார், எனக்கு 1,850 ரூபா போச்சு

வயித்தெரிச்சல்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

சோஷியல் மீடியாவுல பேஜ் வச்சு போன்லயே ஆர்டர் எடுக்குற ஒரு கிறிஸ்தவ புத்தகக் கடை, பேர் வேணாம். ரோமப் பேரரசன் நீரோ காலத்துல ரோம்ல நடக்குற நாவல், ரெண்டு பாகம், கெட்டி அட்டை, 1,850 ரூபா. விலைய பாத்து யோசிச்சுட்டு இருந்தேன், அந்த ஆளே கூப்பிட்டு "சிஸ்டர், ஒரு புரொபசர் வரிக்கு வரி செக் பண்ணது, சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அப்படியே சரித்திரமா சொல்லிக் குடுக்கலாம், ஜெபம் பண்ணித்தான் பார்சல் போடுவோம்"னார். அதுக்கப்புறம் யாருக்குங்க சந்தேகம் வரும், அப்பவே பணத்தப் போட்டுவிட்டேன்.

புக்க தொறந்தா, நீரோ கொலோசியம்ங்கிற பெரிய ஸ்டேடியத்துல உக்காந்துகிட்டு கிறிஸ்தவங்கள சிங்கத்துக்குப் போடுறான்! ரோம் எரிஞ்சு, அந்தப் பழிய நீரோ கிறிஸ்தவங்க மேல போட்டானே, அந்தத் தீ கி.பி. 64ல, நீரோ செத்தது 68ல, கொலோசியத்த கட்ட ஆரம்பிச்சதே அப்புறம் வந்த பேரரசர் வெஸ்பாசியன், அதுவும் நீரோ அரண்மனை ஏரி இருந்த இடத்துல, திறந்து வச்சது 80ல அவர் மகன் டைட்டஸ். கிறிஸ்தவங்கள கொல்றதுக்கு நீரோ தன் தோட்டத்தையே விட்டான், மிருகத்தோல் போத்தி நாய விட்டுக் கடிக்க வச்சாங்க, இருட்டுனதும் விளக்குக்குப் பதிலா ஆளையே கொளுத்துனாங்கன்னு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வச்சிருக்கார், நெஜமே இவ்ளோ கொடூரமா இருக்கு, இதுல இல்லாத ஸ்டேடியம் எதுக்கு? அடுத்து ஹீரோயின் தக்காளி நறுக்குறா. அமெரிக்கா கண்டத்துலேர்ந்து தக்காளி ஐரோப்பாவுக்கு வர இன்னும் 1,400 வருஷத்துக்கு மேல இருக்கும்மா! அவளே ராத்திரி தோல் அட்டை போட்ட பைபிள்ல வெளிப்படுத்தின விசேஷம் வாசிக்கிறா, அது நீரோ செத்து பல வருஷம் கழிச்சு வந்த பேரரசன் டொமிஷியன் காலத்துல எழுதுனதுன்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க.

இதையெல்லாம் கூட விடுங்க, ரெண்டாம் பாகத்துல 112ம் பக்கத்துக்கு அப்புறம் திரும்ப 97 வருது, ஒரு ஃபாரம் (16 பக்கக் கட்டு) அப்படியே டபுளா பைண்ட் ஆகியிருக்கு, 113லேர்ந்து 128 வரைக்கும் காணோம். அப்போஸ்தலர் பவுல் நீரோ முன்னாடி நிக்கப்போற இடம், நான் வாங்குனதே அதுக்குத்தான்!

மெசேஜ் போட்டா "நாவல்தானே சிஸ்டர், கற்பனை இருக்கத்தான செய்யும்". அப்ப அந்த புரொபசர்? பதில் இல்ல. பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புனா "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா". அப்புறம் "பிரஸ்ல கேட்டு சொல்றோம்". அப்புறம் வெறும் ப்ளூ டிக். 1,850 ரூபாய திருப்பிக் குடுங்கன்னு பேஜ்ல கமெண்ட் போட்டேன், அத அழிச்சுட்டு "மன்னிக்கிறதுதான் நம்ம அழைப்பு சகோதரி"ன்னு ஒரு வாய்ஸ் நோட், அதோட பிளாக். இராயனுடையதை இராயனுக்குக் குடுக்கச் சொன்ன அதே வேதத்துல அடுத்தவங்களோட 1,850 ரூபாய அமுக்கிக்கலாம்னு எங்கயாவது இருக்கா?

எப்படி தப்பிக்கலாம்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. உள்பக்கம் நாலு போட்டோ கேளுங்க, மாட்டேன்னா விட்டுடுங்க. பார்சல வீடியோ எடுத்துகிட்டே பிரிங்க. முன்பணம் போடாதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டேன்.

அதே பேஜ்ல இப்ப ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பத்தி ஒரு நாவலுக்கு ப்ரீ ஆர்டர் ஓடுது, "சரித்திரம் பக்கா"ன்னு போட்டிருக்கான், கீழ எல்லாரும் ஆமென் ஆமென்னு போட்டுட்டு இருக்காங்க. ப்ளீஸ், யாரும் பணம் போட்றாதீங்க.