பிள்ளையைக் காட்டவில்லை என்றால்: நோட்டீஸா, மனுவா, அவமதிப்பு வழக்கா?

நீங்களும் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ பிரிந்துவிட்டீர்கள், பிள்ளை அவரிடம் இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையை உங்களிடம் அனுப்ப வேண்டும் என்று நீதிமன்ற ஆணையில் இருக்கிறது. பன்னிரண்டாகியும் யாரும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. உடனே மனசில் வருவது என்ன? "நானும் இந்த மாசம் ஜீவனாம்சம் அனுப்பமாட்டேன்." இந்த வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். பணமும் பிள்ளையைப் பார்ப்பதும் பெரும்பாலான நாடுகளில் தனித்தனிக் கடமைகள், அவர் ஒன்றை மீறினார் என்று நீங்கள் மற்றதை மீறினால் அடுத்த வாய்தாவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் தடவை என்றால் ஒரு குறுஞ்செய்தி போதும்: தேதி, நேரம், நடந்தது, ஈடாக எந்த நாள். திட்டு வேண்டாம், அதை நீதிபதியும் படிப்பார். இரண்டு மூன்று தடவை ஆனால் வக்கீல் நோட்டீஸ். அதனால் ஆள் திருந்துவார் என்று நான் நம்பவில்லை, ஆனால் "எனக்குத் தெரியாது" என்று பிறகு தப்பிக்க முடியாது.

அதுக்கும் மசியவில்லையா? இங்கேதான் நிறையப் பேர் நேராக நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்குத் தாவுகிறார்கள். அதில், அவருக்கு ஆணை தெரிந்திருந்தது, பின்பற்ற முடிந்தது, வேண்டுமென்றே மீறினார் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்து போன்ற இடங்களில் கிரிமினல் வழக்கு அளவுக்குச் சந்தேகமில்லாமல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு டாக்டர் சீட்டு போதும், வழக்கு ஆட்டம் கண்டுவிடும். ஜெயித்தாலும் கிடைப்பது அவருக்குத் தண்டனை, உங்களுக்குப் போன சனிக்கிழமைகள் இல்லை. ஆணையை நடைமுறைப்படுத்தச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனுவில் அந்த நாட்களுக்கு ஈடு கேட்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஜீவனாம்ச பாக்கிக்கும் இதே பாதைதான், பல நாடுகளில் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம்.

ஆனால் ஆணையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "இருவருக்கும் வசதியான நேரத்தில்" என்று மட்டும் இருந்தால் எதை மீறினார் என்று காட்டுவீர்கள்? அப்போது தேவை திருத்த மனு: கிழமை, மணி, இடம், யார் கொண்டுவந்து விடுவது என்று தெளிவாக எழுதி வாங்குவது.

அடி, மிரட்டல் என்றால் இந்த வரிசையெல்லாம் கிடையாது, அன்றைக்கே போலீஸ். பிள்ளையை வேறு நாட்டுக்கே கொண்டுபோய்விட்டால், அப்படிக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வைக்கும் 1980 ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு நாடுகளும் அதில் இருந்து பிள்ளைக்கு 16 வயது ஆகாமலிருந்தால். ஒரு வருஷத்துக்குள் மனு போட்டுவிடுங்கள், அது தாண்டினால் பிள்ளை புது இடத்தில் ஒன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம்.