கேமரா செட்டோடு ‘சும்மா’ கொடுக்கும் மெமரி கார்டு: சென்னையில் குறும்படம் எடுப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

நாங்கள் மூன்று பேர். ஒருவன் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறவன், ஒருவனுக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட் வேலை, நான் எடிட்டிங். எட்டு மாதம் சீட்டுக் கட்டுவது போல மாதாமாதம் போட்டுச் சேர்த்த பணம் 98,000 ரூபாய். அதைக் கொண்டுபோய் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கும் பழைய கேமரா கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். கடைப் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி செட் விற்பவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள், கடை எதுவானாலும் முறை ஒன்றுதான்.

நாங்கள் தேடிப் போனது பானசோனிக் ஜிஹெச்5. 2017இல் வந்த கேமரா என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்றைக்கும் நல்ல கேமரா. 4கே காட்சியை 10 பிட்டில் கார்டிலேயே பதிவு செய்யும். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. கலர் கிரேடிங்கில், அதாவது எடுத்த பிறகு வண்ணத்தைத் திருத்தும்போது, சாயங்கால வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலே 8 பிட் பட்டை பட்டையாகப் பிரியும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இதை எடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை.

கடைக்காரர் கேமராவை ஜன்னல் பக்கம் ஸ்டாண்டில் வைத்து, டிவியில் இணைத்து, கீழே நிழலான தெருவைக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. “தனித்தனியா வாங்கினா கட்டுப்படி ஆகாது தம்பி, செட்டா எடுத்துக்கோங்க” என்றார். பாடி, 12-35 லென்ஸ், இரண்டு பேட்டரி, ஒரு எல்இடி பேனல், 128 ஜிபி கார்டு. “கார்டு நம்ம சார்பா, அதுக்குக் காசு வேண்டாம்.” வண்ணத்தைப் பின்னால் திருத்த வசதியாக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் வி-லாக் இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து மெனுவைத் திறந்தால் இல்லை. ஜிஹெச்5இல் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, அந்தக் கேமராவின் எண்ணுக்கென்று வரும் ரகசியக் குறியீட்டைப் போட்டுத் திறக்க வேண்டும். அப்போதே திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும். மூன்றாம் நாள் படப்பிடிப்பு இருந்ததால் விட்டுவிட்டோம்.

ராயபுரத்தில் ஒரு பழைய வீடு. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார் எங்களுக்காக ஒரே ஒரு நாள் வந்திருந்தார். மறுநாள் இரவு அவருக்குக் கூத்து. படத்தின் கடைசிக் காட்சியில் அவர் இறந்துபோன மனைவியின் டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்து, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் குடிக்காமல் அப்படியே வைப்பார். வசனமே கிடையாது. நான்கு நிமிடம், ஒரே டேக். துடைக்கும்போது விளிம்பில் இருந்த சின்ன நெளிவில் அவர் கட்டைவிரல் நின்றது. நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை அது. அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. செட்டில் வந்த பேட்டரி ஒவ்வொன்றும் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அதனால் பிளேபேக் போட்டுப் பார்க்காமல் அடுத்த ஷாட்டுக்குப் போனோம்.

இரவு கார்டை லேப்டாப்பில் போட்டேன். எல்லா ஃபைலும் இருந்தது. பெயர் சரி, அளவு சரி. முதல் ஒன்பது கிளிப் ஓடியது. பத்தாவதிலிருந்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வெறும் பூஜ்ஜியம், வரி வரியாக.

அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 128 என்று அச்சடித்திருந்த கார்டுக்குள் உண்மையில் இருந்தது 32 ஜிபி சிப். இந்தக் கள்ளக் கார்டுகளில் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரை மாற்றி எழுதி, “நான் 128” என்று கேமராவிடம் பொய் சொல்ல வைக்கிறார்கள். 32 தாண்டியதும் வருவதை எல்லாம் வாங்குவது போல வாங்கி எங்கும் எழுதாமல் விட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். கேமராவுக்குச் சந்தேகமே வராது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நாங்கள் எடுத்தது 150 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 150 மெகாபிட். நிமிடத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஆக, 28 நிமிடம் வரை எல்லாம் பத்திரம். வாத்தியாரின் டேக் அதற்கு அப்புறம். டேட்டா மீட்டுக் கொடுப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காசு வாங்கவில்லை. “எழுதியிருந்தாதானே தம்பி எடுக்க முடியும்” என்றார்.

கடைக்கு மூன்று முறை போனோம். முதல் முறை, “சும்மா கொடுத்ததுக்கு கேரண்டி ஏது?” இரண்டாவது முறை, நாங்கள்தான் கார்டை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். மூன்றாவது முறை பில்லைக் கேட்டார். எங்கள் கையில் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கேமராவின் சீரியல் எண் இல்லை, ‘கேமரா செட்’ என்று ஒரே வரி. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியபோதும் முதலில் கேட்டது பில்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் வாங்கினோம் என்று காட்டக் கையில் உருப்படியாக ஏதாவது இருக்க வேண்டும். பணம் அனுப்பிய யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். பழைய கேமரா வாங்கினால் சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் படி இறங்காதீர்கள். திருட்டுக் கேமராவாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

லென்ஸ் கதை அடுத்த வாரம் தெரிந்தது. ஜன்னலுக்கு எதிராக வைத்த ஷாட் எல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. சர்வீஸ் செய்பவர் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகப் பூஞ்சை. கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். பூட்டிய பையில் மாதக்கணக்கில் கிடந்த லென்ஸுக்கு இது வரத்தான் செய்யும். சுத்தம் செய்ய 3,500 ரூபாய் ஆனது, கோட்டிங்கில் விழுந்த தடம் அப்படியேதான் இருக்கிறது. கடையில் நிழலான தெருவை ஏன் காட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும், மொபைலில் இருக்கும் டார்ச்சே போதும்.

எல்இடி பேனலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்ணத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குக் கொடுக்கும் மதிப்பெண் சிஆர்ஐ. 95 என்று ஸ்டிக்கர், முகத்தில் விழுந்தால் பச்சை.

சோதித்துப் பார்க்கக் கடையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள், சென்னையில் கேமராவுக்குப் பஞ்சம் இல்லை. உங்கள் சொந்தக் கார்டைப் போட்டு, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றி ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். இருட்டில் அசையாமல் நிற்கும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் சென்சாரில் இருக்கும் கோளாறு. ஜிஹெச்5 மெனுவில் ‘பிக்சல் ரிஃப்ரெஷ்’ இருக்கிறது, அதைப் போட்டும் போகவில்லை என்றால் வாங்க வேண்டாம். ஷட்டர் கவுன்ட் குறைவு என்று காட்டுவார்கள். அது ஸ்டில் எடுத்த கணக்கு, எத்தனை மணி நேரம் வீடியோ ஓடியது என்று அதில் வராது.

கார்டைக் கடையில் சோதிக்க நேரம் இருக்காது. 128 ஜிபியை முழுக்க எழுதிப் படித்துப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். புதுக் கார்டு எங்கே வாங்கினாலும் முதல் நாள் இரவே எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுவிட்டுத் தூங்குங்கள். மேக், லினக்ஸுக்கு எஃப்3 இருக்கிறது. ஜிஹெச்5இல் இரண்டு கார்டு போடலாம், இரண்டிலும் ஒரே காட்சி பதிவாகும்படி வைக்கலாம். அந்த இரண்டாவது இடம் அன்றைக்குக் காலியாக இருந்தது. என்னால் அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இன்னொன்று. இரண்டு நாள் படத்துக்குக் கேமரா வாங்கவே வேண்டியதில்லை. சாலிகிராமம், வடபழனி பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் எடுத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணத்தில் நல்ல மைக்கும் ரெக்கார்டரும் வாங்குங்கள். அவை அடுத்த ஐந்து படத்துக்கும் கூட வரும்.

வாத்தியாரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆடி மாசக் கூத்தெல்லாம் முடியட்டும் தம்பி, வந்து செஞ்சு தர்றேன்” என்றார். டம்ளரை அதே அலமாரியில் வைத்திருக்கிறோம்.

இந்த மாதம் யாராவது பழைய கேமரா வாங்கப் போவதாக இருந்தால் இங்கே எழுதுங்கள். ஞாயிறு தவிர எந்த நாள் சாயங்காலமும் லேப்டாப், டார்ச், சோதித்த கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நான் கூட வருகிறேன்.