மஹோகனிப் பெட்டியா, தகரப் பெட்டியா? விக்டோரியா கால வண்ணப் பெட்டி வாங்கும் முன்

விக்டோரியா காலத்து வாட்டர்கலர் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்: காய்ந்த வண்ணக் கட்டிகள் வரிசையாக அடுக்கிய மஹோகனி மரப்பெட்டி, இல்லையென்றால் கறுப்பு ஜப்பான் பூச்சு (பளபளப்பான கெட்டி வார்னிஷ்) பூசிய தகரப் பெட்டி. நான் எடுத்தது மரப்பெட்டி. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தகரம் விலை குறைவு, கைக்கு அடக்கம், மூடியைத் திறந்தால் அதுவே வண்ணம் கலக்கும் தட்டு. மரம் கனம், இடத்தை அடைக்கும். இதெல்லாம் பார்த்தாலே தெரியும். முடிவை மாற்றுவது பராமரிப்புதான்.

லண்டன் ரத்போன் பிளேஸில் 1832-இல் தொடங்கிய வண்ணத் தயாரிப்பு நிறுவனம் வின்சர் அண்ட் நியூட்டன் 1835-இல் கிளிசரின் சேர்த்த ஈர வண்ணங்களைக் கொண்டுவந்தது. காய்ந்த கட்டிகளைப் போலத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேவையில்லை, ஈரத் தூரிகை பட்டாலே வண்ணம் கரைந்து வரும். வெளியே போய் வரைபவர்களின் தகரப் பெட்டிகளில் இவ்வகை வண்ணங்கள்தான் இருந்தன. ஆனால் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூச்சு எங்கேயாவது உரிந்திருந்தால் அந்த இடத்தில் துரு பிடித்துப் பூச்சுக்கு அடியிலேயே பரவும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஒருநாள் செதில் செதிலாக உதிரும். மறுபடி பெயின்ட் அடித்தால் அது பழைய பெட்டியே இல்லை. தகரப் பெட்டியை நான் நீண்ட காலம் வைத்துப் பார்த்ததில்லை, நண்பர் ஒருவரிடம் பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மரத்தின் மேலுள்ள பிரெஞ்ச் பாலிஷ் வேறு கதை. அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, புதிதாகப் பூசும்போது பழைய பூச்சோடு கலந்துவிடும், அதனால் கைதேர்ந்தவரிடம் கொடுத்தால் மங்கியதை மீட்டெடுக்கலாம். அதே காரணத்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. பித்தளைப் பட்டைகளையும் பளபளவென்று தேய்க்க வேண்டாம், பித்தளை பாலிஷின் வெள்ளைப் பொடி மர ரேகைகளில் போய் உட்கார்ந்துவிடும். மரத்துக்கு உண்மையான எதிரி வறண்ட காற்று. ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் மரம் சுருங்கி மூடி வெடிக்கும், பதித்த பித்தளை மேலெழும்பும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் போதும்.

வாங்கும்போது பாலிஷைவிடக் கட்டிகளைப் பாருங்கள். ரீவ்ஸ், ரவ்னி, வின்சர் அண்ட் நியூட்டன் என்று வண்ணம் தயாரித்த எல்லோரும் கட்டிகளில் தங்கள் பெயரை அச்சிட்டார்கள், மூடிக்குள் இருக்கும் சீட்டும் கட்டியின் முத்திரையும் பொருந்த வேண்டும். சீட்டில் வின்சர் அண்ட் நியூட்டன் 'லிமிடெட்' என்று இருந்தால் 1882-க்கு முந்தையது அல்ல. பீங்கான் தட்டும் கண்ணாடித் தண்ணீர்க் கிண்ணமும் தொலைந்திருப்பது சகஜம், அதற்காகப் பெட்டியை விட்டுவிட வேண்டாம்.

சாதாரண மக்கள் எப்படி வரைந்தார்கள் என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் சரி, தகரத்துக்கே போங்கள். 1853-இல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்ற லண்டன் சங்கம் பரிசளித்த ஒரு ஷில்லிங் பெட்டி லட்சக்கணக்கில் விற்றது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வண்ணம் உள்ள சிறு கிண்ணங்களை அசைக்காமல் விடுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் எமரால்டு கிரீனில் ஆர்செனிக், வெர்மிலியனில் பாதரசம், குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு. வரைய எடுக்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.